கவுன்சிலில் மாணவர் இருக்கை: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதைப் பெறுவதும் பயன்படுத்துவதும்

கட்டண உயர்வு, பதிவு முன்பணம், விடுதி வாடகை, பயிற்றுமொழிக் கொள்கை, துணைவேந்தர் நியமனம் எல்லாமே கடைசியில் போய் நிற்கும் இடம் கவுன்சில், அதாவது பல்கலைக்கழகத்தை ஆளும் உச்ச அவை. தென்னாப்பிரிக்காவின் 26 அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அந்த அவையில் மாணவருக்கு இடம் உண்டு, மற்ற உறுப்பினர்களைப் போல வாக்கும் உண்டு. நிர்வாகம் மனமிரங்கிக் கொடுத்த சலுகை இல்லை இது. 1997ஆம் ஆண்டின் 101ஆம் எண் உயர்கல்விச் சட்டம் கொடுத்த உரிமை. இருந்தும் அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதுண்டு. உட்கார்ந்தவரே கூட்டத் தாள்களைப் புரட்டாமல் கை தூக்கிவிட்டு வருவதும் உண்டு. வாக்கு கையில் இருப்பது தொடக்கம்தான். அது எண்ணப்படும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் படிக்கும் தமிழ் மாணவர்களையும், எஸ்.ஆர்.சி. (மாணவர் பிரதிநிதிகள் பேரவை) தேர்தலில் நிற்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் மூன்று ஆவணங்கள்

ஒன்று, மேலே சொன்ன உயர்கல்விச் சட்டம். முழுவதும் படிக்க வேண்டாம். 26 முதல் 37 வரையுள்ள பிரிவுகள் போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும். இரண்டு, உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டவிதி. அரசிதழில் வெளியானது இது. கவுன்சிலில் எத்தனை பேர், அதில் மாணவர் எத்தனை பேர், பதவிக்காலம் எவ்வளவு, கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) எவ்வளவு என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். மூன்று, எஸ்.ஆர்.சி. அமைப்புவிதியும் தேர்தல் விதிகளும். மூன்றிலும் கடைசித் திருத்தம் சேர்ந்த பிரதியைக் கேளுங்கள். இணையதளத்தில் பழைய பிரதி தங்கிப்போயிருப்பது சாதாரணம். பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் நடப்பில் உள்ளது எது என்று எழுத்தில் கிடைக்கும். அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள்.

சட்டத்தின் 27ஆம் பிரிவுதான் கவுன்சிலைப் பற்றியது. துணைவேந்தர், அவருக்கு அடுத்த நிலையினர், அமைச்சர் நியமிக்கும் அதிகபட்சம் ஐவர், செனட் (பாடம், தேர்வு போன்ற கல்வி விஷயங்களைக் கவனிக்கும் அவை) அனுப்புவோர், ஆசிரியர் பிரதிநிதிகள், ஆசிரியரல்லாத ஊழியர் பிரதிநிதிகள், மாணவர்கள், சட்டவிதி சொல்லும் பிறர் என்று அவை கூடும். இதில் இரண்டு விஷயத்தை அடிக்கோடிடுங்கள். மாணவ உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது எஸ்.ஆர்.சி.; மாணவர் எல்லோரும் சேர்ந்து நேரடியாக வாக்களிப்பதில்லை. மேலும், அவையில் குறைந்தது 60 விழுக்காட்டினர் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யாதவர்களாகவும் படிக்காதவர்களாகவும் இருக்க வேண்டும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 30 பேர் கொண்ட கவுன்சில் என்றால் 18 பேராவது வெளியார். மிச்சம் 12 இடத்தைத்தான் நிர்வாகம், செனட், ஆசிரியர், ஊழியர், மாணவர் என எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மாணவருக்கு வருவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ. பாதிக்கு மேல் ஒருவர் வந்தால் கோரம் என்று உங்கள் சட்டவிதி சொன்னால் 16 பேரோடு கூட்டம் நடக்கும். 9 வாக்கில் தீர்மானம் நிறைவேறும். உங்கள் இரண்டு வாக்குக்கு மேல் இன்னும் ஏழு தேவை. அந்த ஏழு பேர் யார் என்பதுதான் ஆண்டு முழுக்க உங்கள் மேசையில் இருக்க வேண்டிய கேள்வி.

தனியார் கல்வி நிறுவனங்களில் இந்த ஏற்பாடு கிடையாது. டிவெட் எனப்படும் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கு 2006ஆம் ஆண்டின் தனிச்சட்டம். அங்கே படிப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

எஸ்.ஆர்.சி.க்குள் நுழைவது

கவுன்சிலுக்குப் போகும் வழி எஸ்.ஆர்.சி. வழியாகத்தான். அதன் தேர்தல் முறை, பதவிக்காலம், அதிகாரம் எல்லாவற்றையும் சட்டவிதியும் உள்விதிகளும் முடிவு செய்யும் என்று 35ஆம் பிரிவு விட்டுவிடுகிறது. அதனால் ஒரு பல்கலைக்கழகத்தில் பார்த்த நடைமுறையை நம்பி இன்னொன்றில் இறங்காதீர்கள்.

பொதுவாகக் கேட்கும் தகுதிகள் இவை: நடப்பாண்டில் பதிவு செய்திருக்க வேண்டும், குறிப்பிட்ட பாடங்களில் தேறியிருக்க வேண்டும் அல்லது சராசரி மதிப்பெண் இருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. வெளிநாட்டு மாணவர் நிற்கலாமா என்பதை விதியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ முதுகலைக்கு வந்தவர்கள் 'நமக்கு உரிமை இருக்காது' என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். பதிவு செய்த மாணவர் என்றுதான் விதி சொல்கிறது என்றால் ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.

வேட்புமனு தள்ளுபடியாவதற்குக் கொள்கை காரணமாக இருப்பது அபூர்வம். முன்மொழிந்தவர் அந்த ஆண்டு இன்னும் பதிவு செய்திருக்க மாட்டார். வேறு வளாகத்து மாணவர் கையெழுத்திட்டிருப்பார். மாணவர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கும். மாலை நான்கு மணிக்கு மூடும் பெட்டிக்கு நாலரைக்கு மனு வரும். பத்துக் கையெழுத்து கேட்டால் பதினைந்து வாங்குங்கள். மனுவின் பிரதியில் பெற்றுக்கொண்ட நேரத்தைக் குறித்துக் கையெழுத்து கேளுங்கள்.

தேர்தல் இரு வகைப்படும். ஒன்றில் தனித்தனி ஆட்களுக்கு வாக்கு. புலம், வளாகம், விடுதி எனத் தொகுதி பிரித்திருப்பார்கள். மற்றொன்றில் கட்சிப் பட்டியலுக்கு வாக்கு, விகிதாசார முறையில் இடம். பட்டியல் முறையில் கணக்கு தெரியாமல் இறங்கினால் ஏமாற்றம்தான். 12 இடம், 6,000 வாக்கு பதிவானால் ஓரிடத்துக்கு ஏறத்தாழ 500 வாக்கு. 1,600 வாக்கு வாங்கும் பட்டியலில் நான்காவது பெயர் உங்களுடையது என்றால் மிச்ச வாக்குக் கணக்கு கைகொடுத்தால் ஒழிய நீங்கள் உள்ளே போக முடியாது. சேருமுன் 'எத்தனையாவது பெயர்?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தமிழ்ச் சங்கத்தின் பெயரில் தனிப் பட்டியல் போடும் யோசனை அவ்வப்போது எழும். எங்கள் அபிப்பிராயம், வேண்டாம். எண்ணிக்கை போதாது என்பது ஒரு காரணம். பின்னால் கட்டணம் பற்றிப் பேசினாலும் ஒரு சமூகத்தின் குரலாகவே அதைக் கேட்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வாக்குப்பதிவு குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால் தேர்தல் செல்லாது என்று சில விதிகள் சொல்லும். அப்படியிருந்தால் எதிரணியினரோடும் சேர்ந்து ஆள் திரட்ட வேண்டியது உங்கள் வேலை. எஸ்.ஆர்.சி. அமையாவிட்டால் கவுன்சிலுக்கு அனுப்ப ஆளே இருக்காது. தேசியத் தேர்தல் ஆணையம் மாணவர் தேர்தல்களை நடத்திக் கொடுப்பதுண்டு. முடிவைப் பற்றிச் சண்டை வரும் என்று தோன்றினால் அவர்களை அழைக்கும்படி முன்கூட்டியே கேளுங்கள். தேதி அறிவித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

எஸ்.ஆர்.சி.யிலிருந்து கவுன்சிலுக்கு

அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். தேர்தலில் வென்ற களிப்பில் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வார்கள். கவுன்சில் இடம் 'தலைவர்தானே போவார்' என்று பேச்சளவில் நிற்கும். சட்டம் 'எஸ்.ஆர்.சி. தேர்ந்தெடுத்த மாணவர்' என்கிறது. ஆகவே முதல் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலேயே கவுன்சில், செனட், இன்ஸ்டிட்யூஷனல் ஃபோரம் (கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்லும் சபை) ஆகிய மூன்றுக்கும் பிரதிநிதித் தேர்வைத் தனித்தனி இனமாக எழுதுங்கள். ரகசிய வாக்கு நடத்துங்கள். யார் முன்மொழிந்தது, யாருக்கு எத்தனை வாக்கு என்று குறிப்பேட்டில் பதியுங்கள். அந்தப் பகுதியின் பிரதியை இணைத்துப் பதிவாளருக்கு ஒரு வாரத்துக்குள் கடிதம் அனுப்புங்கள். பொதுவாகப் பதிவாளரே கவுன்சில் செயலாளரும். அவரிடம் பெயர் போய்ச் சேராதவரை கூட்டத் தாள் உங்களுக்கு வராது.

தலைவரைத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. தலைவருக்கு ஆயிரம் தலைவலி. கணக்கியல், சட்டம், பொதுநிர்வாகம் படிக்கும் ஒருவர், தாளை ஆற அமரப் படிக்கும் குணமுள்ளவர், அவையில் இன்னும் நன்றாக உழைப்பார்.

இன்னொரு கண்ணி கல்வியாண்டு. பிற கவுன்சில் உறுப்பினர்கள் பல ஆண்டுகள் இருப்பார்கள். மாணவருக்கு வழக்கமாக ஓராண்டுதான். டிசம்பரில் படிப்பு முடிந்தாலோ பிப்ரவரியில் பணம் கட்ட முடியாமல் பதிவு தள்ளிப்போனாலோ 'மாணவர்' என்ற தகுதியே ஆட்டம் காணும். இறுதியாண்டு மாணவரைத் தேர்ந்தெடுப்பதானால் மாற்று ஆளின் பெயரையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். இடம் காலியாக இருப்பதாலேயே கவுன்சிலின் தீர்மானம் செல்லாமல் போய்விடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது

நலன்களை வெளிப்படுத்தும் படிவத்தை ஒழுங்காக நிரப்புங்கள். மாணவருக்கு என்ன வணிக நலன் என்று சிரித்துவிட்டு வெற்றாக விடாதீர்கள். வரவேற்பு விழாவுக்கு டி-ஷர்ட் அச்சடித்துத் தரும் மாமா, விடுதிக்குப் பேருந்து விடும் அண்ணன், உங்கள் உதவித்தொகையைத் தரும் நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு செய்யும் வியாபாரம் – இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவை. பின்னால் உங்கள் வாயை அடைக்க இதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

ஆண்டுக் கூட்ட அட்டவணை, கடந்த ஓராண்டின் கூட்டக் குறிப்புகள், ஒவ்வொரு குழுவின் அதிகார வரம்பு ஆகியவற்றைச் செயலாளரிடம் கேளுங்கள். கவுன்சில் ஆண்டுக்குச் சில தடவைதான் கூடும். வேலையெல்லாம் நிதிக்குழு, நிர்வாகக்குழு, மாணவர் சேவைக்குழு ஆகியவற்றில் நடக்கும். கவுன்சிலில் உங்களுக்கு வாக்கு உறுதி. குழுவில் அப்படியில்லை. 'அழைக்கப்பட்டவர்' என்று உட்கார வைத்திருந்தால் பேசலாம், வாக்களிக்க முடியாது. உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். நிதிக்குழுவில் இடம் இல்லையென்றால் அதைக் கேட்டுப் பெறுவதே அந்த ஆண்டின் பெரிய வெற்றியாக இருக்கலாம்.

கட்டணம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். நிதி அலுவலகம் வரைவு போடும். எஸ்.ஆர்.சி.யுடன் ஒரு கலந்தாலோசனை நடக்கும். நிதிக்குழு பரிந்துரைக்கும். பிறகு, பெரும்பாலும் ஆண்டின் கடைசிக் காலாண்டில், கவுன்சில் ஏற்கும். தேர்வுக்காலம், தீபாவளி எல்லாம் சேர்ந்து வரும் நேரம் அது. நவம்பரில் விழித்துக்கொண்டால் கையில் முடிந்துபோன பட்ஜெட்தான் இருக்கும். ஜூலையிலேயே மூன்று எண்களைக் கேளுங்கள்: கட்டண வருவாய் மொத்த வருவாயில் எத்தனை விழுக்காடு, வசூலாகாத மாணவர் கடன் எவ்வளவு, ஒரு விழுக்காடு உயர்வு எத்தனை ராண்ட் வருவாய் தரும். மூன்றாவது எண் இல்லாமல் பேரம் பேசவே முடியாது. 2015 அக்டோபரில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் 10.5 விழுக்காடு உயர்வு என்ற அறிவிப்பிலிருந்து கிளம்பிய போராட்டம், 2016க்கு உயர்வே இல்லை என்று ஜனாதிபதி அறிவிக்கும்வரை போனது. மறு ஆண்டு எட்டு விழுக்காடு வரை உயர்த்தலாம் என்றது அரசு. தெருவில் வென்றதை அடுத்த பட்ஜெட்டிலும் தக்கவைக்க, குழு அறையில் எண்ணோடு பேச ஆள் வேண்டும்.

தீர்மானம் எழுதுவது

'கட்டணம் அதிகம், குறைக்க வேண்டும்' என்பது கோரிக்கை. தீர்மானத்துக்கு நான்கு பகுதி வேண்டும்: கவுன்சில் என்ன முடிவெடுக்க வேண்டும் என்ற ஒரே வாக்கியம், காரணம், செலவு, அந்தச் செலவை எங்கிருந்து ஈடுகட்டுவது. இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எடுத்துக்காட்டாக, 'சென்ற ஆண்டு எல்லாப் பாடங்களிலும் தேறி, 20,000 ராண்டுக்குக் குறைவாகக் கடன் வைத்திருக்கும் மாணவர்கள், பதிவு முன்பணம் இன்றி, கடனைத் தவணையில் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்யலாம்' என்று எழுதினால் அதற்கு எண்ணிக்கை கண்டுபிடிக்கலாம், செலவு போடலாம், வாக்கெடுக்கலாம். நிகழ்ச்சிநிரல் மூடும் தேதியைச் சட்டவிதியிலோ அட்டவணையிலோ பார்த்து, அதற்கு முன் அனுப்புங்கள். கூட்டத்தில் கையில் கொடுக்கும் தாளை 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்று நாசூக்காகத் தள்ளிவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்குள் உங்கள் பதவிக்காலம் முடிந்திருக்கும்.

அந்த ஏழு வாக்குக்கு முதலில் ஆசிரியரல்லாத ஊழியர் பிரதிநிதியிடம் போங்கள். அவர் பிள்ளையும் இங்கேயே படிக்கலாம். அடுத்து ஆசிரியர் பிரதிநிதிகள். பிறகு பழைய மாணவர் சங்கம் அனுப்பிய வெளியார், அமைச்சர் நியமித்தவர்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் செயலாளர் மூலம் நேரம் கேட்டுப் பத்து நிமிடம் பேசினால் போதும். நிதிக்குழுத் தலைவரை மட்டும் தவிர்க்காதீர்கள். எதிர்ப்பார் என்று தெரிந்தாலும் அவருடைய ஆட்சேபம் என்ன என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

யாருக்காக வாக்களிப்பது

கவுன்சில் உறுப்பினர் பல்கலைக்கழகத்தின் நலனை முன்வைத்தே விவாதத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எஸ்.ஆர்.சி.யோ 'இப்படித்தான் வாக்களிக்க வேண்டும்' என்று கட்டளையிடும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு. எஸ்.ஆர்.சி. தன் நிலைப்பாட்டையும் காரணங்களையும் எழுதிக் கொடுக்கட்டும். வாக்கு எப்படி என்று கட்டிப்போடாதிருக்கட்டும். அவையில் 'மாணவர் நிலைப்பாடு இது, பல்கலைக்கழகத்துக்கு இதனால் என்ன நன்மை என்றால்' என்று பேசுங்கள். மாணவர் பதிவு குறைவதும் கடன் பெருகுவதும் பல்கலைக்கழகத்தின் பிரச்சினைதானே.

கட்டண விவாதம் வரும்போது, 'மாணவர்களுக்கு இதில் சொந்த நலன் இருக்கிறது, வெளியே போங்கள்' என்று யாராவது சொல்லக்கூடும். சண்டை போடாதீர்கள். எழுந்து போகவும் வேண்டாம். சம்பளச் செலவு அடங்கிய அதே பட்ஜெட்டில் ஊழியர் பிரதிநிதிகள் வாக்களிக்கிறார்கள் என்பதை அமைதியாக நினைவூட்டுங்கள். எல்லா மாணவருக்கும் பொதுவான கட்டணம் ஒருவரின் தனி நலன் ஆகாது என்பதே எங்கள் வாதம். தலைவரின் முடிவைக் கேட்டு, அது குறிப்பில் ஏறட்டும் என்று சொல்லுங்கள். உங்கள் சொந்த ஒழுங்கு நடவடிக்கையோ உங்கள் உறவினரின் ஒப்பந்தமோ வந்தால் மட்டும் தானாக எழுந்து வெளியே போய்விடுங்கள்.

தோற்றால், 'என் எதிர்வாக்கைப் பெயரோடு பதியவும்' என்று அப்போதே கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். ரகசியம் என்று குறித்த தாளைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டவர் ஒரு நாள் பாராட்டு வாங்குவார். பிறகு ஆண்டு முழுக்க யாரும் அவரிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். முடிவைச் சொல்லலாம், உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லலாம். யார் என்ன பேசினார் என்பது வேண்டாம்.

எந்தக் கோரிக்கை எந்த வாசலுக்கு

தீபாவளியன்று தேர்வு வைத்துவிட்டார்கள் என்ற புகாரைக் கவுன்சிலுக்குக் கொண்டுபோனால் யாரும் கேட்க மாட்டார்கள். தேர்வு அட்டவணை செனட்டின் பக்கம். புல அளவில் தொடங்கி, அட்டவணை வரைவு நிலையில் இருக்கும்போதே தேதியைக் கொடுக்க வேண்டும். செனட்டிலும் எஸ்.ஆர்.சி. உறுப்பினர்களுக்கு இடம் உண்டு, ஆனால் அங்கே ஆசிரியர்களே பெரும்பான்மை. விடுதியில் சைவ உணவு, வழிபாட்டு அறை போன்றவை மாணவர் சேவைக்கு. அதற்கு ஆலோசனை சொல்லும் அமைப்பை எஸ்.ஆர்.சி.யைக் கலந்தே கவுன்சில் ஏற்படுத்த வேண்டும் என்பது சட்டம்.

தமிழ்ப் பாடம் என்றால் இரண்டு வாசல். டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் உட்பட இந்திய மொழிகள் கற்பிக்கப்பட்டன. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆவதற்கு முன்பே அந்தத் துறைகள் மூடப்பட்டுவிட்டன. பாடத்திட்டம் செனட்டின் கையில். மொழிக்கொள்கை, செனட்டின் இசைவோடு கவுன்சிலின் கையில். பணமும் கவுன்சிலின் கையில். 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதை மேற்கோள் காட்டலாம். ஆனால் அதை வைத்தே எந்தப் பல்கலைக்கழகத்தையும் தமிழ்த்துறை தொடங்கச் சொல்ல முடியாது. எத்தனை மாணவர் சேருவார்கள், ஆசிரியர் சம்பளத்தை முதல் மூன்றாண்டு யார் தருவார் என்ற பதிலோடு போனால்தான் பேச்சு நகரும்.

இனப் பாகுபாடு, பாலினச் சமத்துவம், உயர்பதவி நியமனம், வளாகப் பண்பாடு ஆகியவை இன்ஸ்டிட்யூஷனல் ஃபோரத்துக்கு. அது ஆலோசனை சபைதானே என்று பலர் அலட்சியம் செய்கிறார்கள். அதன் ஆலோசனையைக் கவுன்சில் ஏற்காவிட்டால் எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். கவுன்சிலில் ஏழு வாக்கு தேற்ற முடியாத விஷயத்துக்கு இது நல்ல குறுக்குவழி.

எஸ்.ஆர்.சி.யின் அமைப்பு பற்றிய விதியையோ மாணவர் ஒழுங்கு விதியையோ மாற்றுமுன் கவுன்சில் எஸ்.ஆர்.சி.யைக் கலந்தாக வேண்டும். கலப்பது என்றால் உங்கள் சம்மதம் தேவை என்று பொருளில்லை. ஆனால் வரைவு, போதிய அவகாசம், பதில் மூன்றும் வேண்டும். வெள்ளி மாலை மின்னஞ்சலும் திங்கள் காலை முடிவும் கலந்தாலோசனை ஆகாது. அப்படி நடந்தால் அன்றே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

தகவல் மறுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உங்களைப் பாதிக்கும் நிர்வாக முடிவுக்குக் காரணம் தெரிய வேண்டுமானால் அதே ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி 90 நாளுக்குள் கேட்க வேண்டும். நீதிமன்றம் போவதென்றால் தாமதிக்கக் கூடாது, உச்சவரம்பு 180 நாள். அமைச்சர் ஒரு நிர்வாகியை நியமித்தால் கவுன்சில் கலைந்துவிடும், உங்கள் இருக்கையும் அதோடு போய்விடும். எஸ்.ஆர்.சி. நிற்கும், அப்போது எல்லாக் கடிதமும் அந்த நிர்வாகிக்குப் போக வேண்டும்.

அடுத்தவருக்கு விட்டுச்செல்வது

ஓராண்டுப் பதவியின் பெரிய பலவீனம், வருகிறவர் ஒவ்வொருவரும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது. பதவி முடியும் மாதத்தில் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். நடப்பிலுள்ள சட்டவிதி, அட்டவணை, நீங்கள் கொண்டுவந்த தீர்மானங்களும் அவற்றின் முடிவும், பாதியில் நிற்கும் விஷயங்கள், கட்டண எண்கள், எந்தக் குழுவில் எந்தத் தகுதியில் இருந்தீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். ரகசியத் தாள்களைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுங்கள்; அவற்றைக் கோப்பில் வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டின் முதல் நிதிக்குழுக் கூட்டத் தேதியை மேலட்டையில் பெரிதாக எழுதுங்கள். கோப்பை எஸ்.ஆர்.சி. அலுவலகக் கணினியில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஜனவரியில் அந்தக் கணினியே இடம் மாறியிருக்கும். ஒரு பிரதியைப் புதிய பிரதிநிதியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.